மெக்சிகோ தேவாலயங்களில் தகரத்தில் வரைந்த குட்டிப் படங்களை ஏன் மாட்டி வைத்திருக்கிறார்கள்?

எல்லாம் நேர்த்திக்கடன்தான். அங்கே இவற்றுக்கு எக்ஸ்வோட்டோ என்று பெயர். ஆபத்திலிருந்து பிழைத்தவர், காப்பாற்றிய மாதாவுக்கோ புனிதருக்கோ நன்றியாக ஒரு படம் வரையச் சொல்லி, தேவாலயத்தில் மாட்டிவிட்டுப் போவார். வரைபவர் பெரும்பாலும் முறையாகப் பயிலாத உள்ளூர்க்காரர். தன் பெயரைப் போடுவது அபூர்வம்.

மேலே மேகத்துக்கு நடுவில் புனிதர் இருப்பார். நடுவில் சம்பவம்: குதிரை ஒருவரைக் கீழே தள்ளுகிறது, யாரோ நோயில் படுத்திருக்கிறார்கள். கீழே பெயர், ஊர், தேதியோடு நடந்த கதை. எழுத்துப்பிழைகள் தாராளம். எனக்கு ஓவியத்தைவிட அந்த வரிகள்தான் பிடிக்கும்.

சரி, ஏன் தகரம்? மலிவு. முன்பு துணியிலும் செம்பிலும் வரையச் சொல்ல வசதி வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தகரத் தகடு சல்லிசாகக் கிடைத்ததும் ஏழைகளும் வரையச் சொன்னார்கள். தகரச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, உள்ளே புனிதர் உருவத்தை வைக்கும் சிறு மாடங்களும் உண்டு, அவை வீட்டுக்கானவை.

ஓவியர்கள் ஃப்ரீடா காலோவும் தியேகோ ரிவேராவும் இப்படங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். 1932இல் தன் கருச்சிதைவை ஃப்ரீடா உலோகத் தகட்டில்தான் வரைந்தார். நேரில் பார்க்க விரும்பினால் சகாதேகாஸ் மாநிலத்தில் பிளாத்தெரோஸ் தேவாலயத்துக்குப் போகலாம்.