சளிக்குப் பிறகு காது அடைப்பு: செவிடாகிவிடுமா?

கேள்வி: சளி பிடித்து 2 வாரமாக வலது காது அடைத்திருக்கிறது. எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்கிறது. பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டேன், சரியாகவில்லை. நரம்பு செத்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்த ‘டப்’ ஆறுதலான சத்தம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத் தொண்டைக்குச் சுமார் 36 மில்லிமீட்டர் நீளக் குழாய் ஒன்று போகிறது. பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத் தசை இழுத்து அதைக் கணநேரம் திறக்கும். காற்று புகுந்து செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். சளியில் குழாய் வீங்கினால் புதுக்காற்று வராது. உள்ளே இருக்கும் காற்றையோ நடுக்காதுச் சவ்வு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செவிப்பறை உள்வாங்கும், நீரும் கோக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடியும்.

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். செவிப்பறையைத் தாண்டி அது போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்த் தொற்றைக் கிளப்பும். பட்ஸும் வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள், தினமும் நாலைந்து தடவை. மூக்கைப் பிடித்துக் காதுக்குள் பலமாக ஊதாதீர்கள், சளியும் கூடவே ஏறும். மெடிக்கலில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் போட்டால், அதுவே மூக்கை அடைக்கும்.

நரம்புக்கு வருகிறேன். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் நடுக்காதில்தான். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது வீட்டுச் சோதனை மட்டுமே, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனைதான் முடிவு சொல்லும். சட்டென்று, அல்லது தூங்கி எழுந்ததும், ஒரு காது கேட்காமல் போனால், கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவசரம். வலி இருக்காது, வெறும் அடைப்பு போலவே தோன்றும். ஏமாறுவது அங்கேதான். அன்றைக்கோ மறுநாளோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ஸ்டீராய்டு மருந்து முதல் 2 வாரத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும்; சொட்டு மருந்து போட்டபடி ஒரு மாதம் காத்திருந்து வருபவருக்கு எங்களால் செய்ய முடிவது குறைவு.

உங்களுக்கு முனகல் வலது காதில் பலமாகக் கேட்டால் இன்னும் 3, 4 வாரம் பொறுக்கலாம். அதற்கு மேலும் ஒரு காது மட்டும் அடைத்தே இருந்தால், மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக்கூடாது.