செயற்கை நுண்ணறிவுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அறநெறியும் சட்டமும் கொண்டுவர முடியுமா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கல்லூரிக் கட்டுரைக்காகவோ பேச்சுப் போட்டிக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு இது கட்டுரைத் தலைப்பு இல்லை. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுப்பதுதான் என் வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் நேரடிப் பதில். பொதுவான அறநெறி என்பது ஏற்கெனவே இருக்கிறது. 2019இல் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் செயற்கை நுண்ணறிவுக்கான, அதாவது ஏஐக்கான, கொள்கைகளை வகுத்தன. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் ஏஐ அறநெறிக்கான பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. 2024 பிப்ரவரியில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியாவும் ஏழு கொள்கைகளோடு தன் வழிகாட்டியை வெளியிட்டது. எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்பு, தனியுரிமை என்று சுற்றிச் சுற்றி அதே சொற்கள்தான் வரும். எந்த நாடும் இவற்றை வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் நியாயமாக நடக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் நிற்பது என்று தேடினால் கிடைக்காது. ஆசியான் வழிகாட்டியும் நம்முடையதும் விரும்புகிறவர்கள் பின்பற்றலாம் என்ற வகை.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. கம்பெனிப் பெயரையும் மென்பொருள் விற்றவர்கள் பெயரையும் சொல்ல மாட்டேன், கமெண்ட்டில் கேட்காதீர்கள்.

டெக்னீஷியன் வேலைக்கு ஒரு விளம்பரம் போட்டால் விண்ணப்பங்கள் வந்து குவியும். அதைச் சலித்துத் தர ஒரு ஏஐ மென்பொருள் வாங்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. விற்க வந்தவர்கள் எங்களுக்கு முன்பு வந்த விண்ணப்பங்களையே ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். திரையில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பெண், அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் இண்டர்வியூவுக்குக் கூப்பிடலாம். மஞ்சள் என்றால் நேரமிருந்தால் பார்க்கலாம். சிவப்பைத் திறக்கவே வேண்டாம் என்றார்கள்.

சிவப்பு வரிசையில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தது. பொலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்த பையன். நாங்கள் ஏற்கெனவே எடுத்து வேலையில் இருக்கிறவன். லைனில் மெஷின் நின்றுபோனால் சூப்பர்வைசர் முதலில் தேடுவது அவனைத்தான். அவன் எப்படிச் சிவப்பானான்?

திறந்து பார்த்தேன். மலேசியாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்தியர்களின் ஐசியில் (அடையாள அட்டையில்) நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்று இருக்கும். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. பெயர்க் கட்டத்தில் பையனின் பெயரும் தனியாக ஓர் ‘ஏ’யும் நின்றன. ‘எல்’லும் அப்பா பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போயிருந்தன. ‘பெயர் விவரம் முழுமையில்லை’ என்று ஒரு குறிப்பு, அதற்கு மதிப்பெண் கழிவு. சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். சிவப்பு மஞ்சளானது. படிப்பு அதே படிப்பு, சிஜிபிஏ அதே சிஜிபிஏ.

சரி, இன்னும் ஏன் பச்சைக்கு வரவில்லை? ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்தோம். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் மாண்டரின் என்று சேர்த்ததும் பச்சை வந்துவிட்டது. அந்த வேலைக்கு மாண்டரின் தேவையே இல்லை. மெஷின் மேனுவல் ஆங்கிலத்தில் இருக்கிறது, லைனில் பேசுவது மலாயில். விற்க வந்த குழுவில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “அக்கா, வெயிட்டேஜ் நாங்க போடல. உங்க கம்பெனி பழைய டேட்டாவ பாத்து அதுவே கத்துக்கிச்சு. முன்னாடி யார எடுத்தீங்களோ அவங்க மாதிரியே தேடும்” என்றான். அவன் சொன்னது முழுக்க உண்மை. பல ஆண்டுகளாக எந்த சூப்பர்வைசர் எப்படிப்பட்ட ஆளை விரும்பினார் என்பதெல்லாம் அந்தத் தரவுக்குள் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத விருப்பம் இப்போது மதிப்பெண்ணாக வெளியே வந்துவிட்டது.

இது எங்களிடம் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. அமேசான் இதே மாதிரி ஒரு கருவியைச் செய்து பார்த்துக் கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. பத்து ஆண்டு விண்ணப்பங்களைப் படித்துக் கற்றுக்கொண்ட அந்தக் கருவி, பெண்கள் சதுரங்கக் கழகத்தின் தலைவி என்பது போன்ற வரி வந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. பெண்களை ஒதுக்கு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆண்களையே அதிகம் எடுத்த வரலாறு போதுமானதாக இருந்தது.

மீட்டிங்கில் இதை எடுத்து வைத்தேன். “இது வெறும் பரிந்துரைதானே, கடைசி முடிவு மனிதர்தானே எடுக்கிறார்” என்றார்கள். இந்த வாதத்தை உலகம் முழுக்கக் கேட்கலாம். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். விண்ணப்பம் நூற்றுக்கணக்கில் கிடக்கும்போது சிவப்புப் புள்ளியை எந்த அதிகாரி உட்கார்ந்து திறப்பார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் இந்த ஆபத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பிவிடும் மனப்போக்கை உணர்ந்த ஆள்தான் கண்காணிக்க வேண்டும் என்கிறது. அதை எழுதியவர் யாராக இருந்தாலும் அலுவலகம் என்றால் என்னவென்று தெரிந்தவர்.

நம் தேசிய வழிகாட்டியைத்தான் முதலில் மேற்கோள் காட்டி மெமோ எழுதினேன். ஏழு கொள்கைகளில் நியாயம் என்பதும் ஒன்று என்று எழுதினேன். “அது கட்டாயம் இல்லையே” என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கள் தாய் நிறுவனம் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்குள்ள சட்ட இணக்கப் பிரிவுக்கு அதே மெமோவை, திரையின் படங்களோடு அனுப்பினேன். அங்கிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பிறகு எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஏஐ சட்டம், வேலைக்கு ஆள் எடுக்கும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. எந்தத் தரவில் பழக்கினீர்கள், பாகுபாடு இருக்கிறதா என்று சோதித்தீர்களா, பதிவேடு இருக்கிறதா, தவறினால் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்று தலைமையகம் கேட்டது. விற்க வந்தவர்களிடம் எதற்கும் தாள் இல்லை. கொள்முதல் நின்றது. பிறகு சாய்கோட்டைச் சரிசெய்து, வேலைக்குத் தேவையில்லாத மொழிக்கு மதிப்பெண் தராதபடி மாற்றிக்கொண்டு அவர்களே திரும்பி வந்தார்கள்.

ஐரோப்பியச் சட்டம் பினாங்குக்குச் செல்லாது என்று ஒரு வக்கீல் வந்து சொல்வார். தெரியும். தலைமையகம் உலகம் முழுக்க ஒரே கொள்முதல் விதி வைத்திருந்ததால்தான் எங்களுக்கு அது கிடைத்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கிடைக்காது. பினாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு நியாயம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த மின்னஞ்சலை வரவழைத்ததில் பெருமையும் உண்டு, அதை மறைக்கவில்லை.

இனி சட்டப் பக்கம். உலகத்துக்கு ஒரே சட்டம் வேண்டும் என்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஐரோப்பிய கவுன்சில் (இது ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, வேறு அமைப்பு) 2024 செப்டம்பரில் வில்னியஸ் நகரில் ஓர் ஏஐ உடன்படிக்கையைக் கையெழுத்துக்குத் திறந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம், சட்டப்படி கட்டுப்படுத்தும். நல்லது. ஆனால் தனியார் நிறுவனங்களை எந்த வழியில் கட்டுப்படுத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தேர்ந்துகொள்ளலாம். ஆக எந்த உலக விதியும் கடைசியில் உள்நாட்டுச் சட்டத்தின் மேல்தான் வந்து உட்கார வேண்டும். மலேசியாவில் அது எதன் மேல் உட்காரும்?

அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது அரசையும் அரசு அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸின் வழக்கில் 2005இல் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் என்று ஒரு பிரிவு வந்தது. பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். படித்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு. விண்ணப்பம் போட்டுச் சிவப்புப் புள்ளி வாங்கியவர் இன்னும் தொழிலாளியே ஆகவில்லை. ஏஐ வந்து உட்கார்ந்திருக்கும் அதே வாசலில்தான் சட்டத்தில் ஓட்டை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2010இல் வந்த சட்டம், 2024இல் திருத்தினார்கள். தரவு கசிந்தால் அறிவிக்க வேண்டும், பொறுப்பு அதிகாரி வைக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்தது. முழுக்க இயந்திரமே எடுத்த முடிவுக்கு உட்படாமல் இருக்கும் உரிமை ஐரோப்பாவில் 2018 முதலே நடைமுறையில் இருக்கிறது. நம் சட்டத்திலோ திருத்தத்திலோ அது இல்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது.

என் மகள் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது வாடகை அறை தேடினோம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. விளம்பரத்திலேயே எந்த இனத்தவர் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். போடாத இடத்துக்கு வாட்ஸப் செய்தால் முதல் கேள்வி “இண்டியனா?” என்பதுதான். ஆமாம் என்றதும் ஓனர் வேண்டாம் என்கிறார் என்று பதில். சம்பளம் என்ன, எங்கே வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவள் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, “அடுத்ததுல மொதல்லயே சொல்லிடவா மா? டைம் மிச்சம்” என்றாள். இருபத்து சொச்ச வயதுப் பிள்ளை அதைப் பழக்கப்பட்ட விஷயம் போலச் சொன்னது என்னால் தாங்க முடியவில்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறகுதான் எனக்கு இரண்டும் ஒன்றென்று புரிந்தது. அந்த ஏஜெண்ட் செய்ததற்குத் தண்டனை இல்லை. நாளைக்கு அதே வேலையை வாடகைச் செயலி ஒன்று மதிப்பெண் போட்டுச் செய்தால், எந்தச் சட்டத்தை மீறியது என்று வழக்குப் போடுவீர்கள்? மனிதன் செய்தால் குற்றமில்லாத ஒன்றை இயந்திரம் செய்யும்போது மட்டும் குற்றமாக்க முடியாது. டிஜிட்டல் அமைச்சு ஏஐ சட்ட மசோதா தயாரிக்கிறது என்ற செய்தியை நானும் ஆர்வத்தோடுதான் பின்தொடர்கிறேன். அதில் எத்தனை கொள்கை இருக்கிறது என்று நான் எண்ணப் போவதில்லை. நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், மறுபடி பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும், தனியார் செய்யும் பாகுபாடும் குற்றம் என்று இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன அரசியல் பேசுகிறாள் என்று சிலர் எழுதுவார்கள். மேலே சொன்ன திரையைப் பார்த்திருந்தால் நீங்களும் இதையேதான் எழுதியிருப்பீர்கள். பெயரில் ‘பின்’, ‘பிந்தி’ (மலாய்ப் பெயர்களில் மகன், மகள் என்பதற்கு வருவது) உள்ளவர்களுக்கோ சீனப் பெயர்களுக்கோ வேறொரு மென்பொருளில் இதே கதி வரலாம், அப்போதும் நான் இதையேதான் சொல்வேன். ஏஐ வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. சரிசெய்த பிறகு அந்த மென்பொருளை இப்போது நானே பயன்படுத்துகிறேன். நான் வக்கீல் இல்லை, வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் இவ்வளவும்.

நீங்கள் மலேசியாவில் வேலை தேடுகிறவராக இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். பெயர் துண்டாகிக் கிடந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. மலாயிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதி வைத்திருக்கும் கடித மாதிரி இருக்கிறது. வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், போடுகிறேன்.