வீட்டு வேலையிலிருந்து வீடியோ ஆர்ட்: நீங்க கேட்டதும் என் பதில்களும்

கேள்வி: அக்கா எனக்கு நடிக்க வராது, டான்ஸும் வராது. நான் பெர்ஃபார்மன்ஸ் பண்ண முடியுமா?

பதில்: தாராளமா பண்ணலாம். கேமரா முன்னாடி ஒரு செயலைச் செஞ்சு, அந்த வீடியோவையே கலையா காட்டுறதுதான் நாம இங்க பேசுற வீடியோ ஆர்ட். இதுல வேற ஆளா மாற வேண்டியதே இல்ல, ஒரு வேலையை நிஜமா செய்யணும் அவ்ளோதான். அமெரிக்க ஆர்ட்டிஸ்ட் ப்ரூஸ் நாமன் 1967-68ல தன் ஸ்டுடியோ தரையில டேப்பால ஒரு சதுரம் ஒட்டி அந்தக் கோட்டு மேலயே இடுப்பை வளைச்சு வளைச்சு நடந்தார், மொத்தப் படமும் அதுதான். அவர் அவ்ளோ கவனமா நடக்குறதுனாலயே நம்மளால கண்ணை எடுக்க முடியல.

கேள்வி: ஐடியா எங்கருந்து புடிக்கிறது? என் நாள் முழுக்க துணி மடிக்கிறது, பாத்திரம் கழுவுறதுதான்.

பதில்: இதுக்கு மேல என்ன வேணும்! துணி மடிக்கிறதையே எடுத்துக்கோங்க, அதுல ஒரே ஒரு விதி மட்டும் சேருங்க. ஒத்தைக் கையால மடிக்கலாம், இல்லன்னா மடிக்கவேண்டிய சட்டை எல்லாத்தையும் உடம்புல ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டே போகலாம், கை மடங்காம போற வரைக்கும். ரெண்டாவது எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா எப்ப முடியணும்னு நம்ம மூடு முடிவு பண்றதில்ல, துணி முடிவு பண்ணுது. ஃப்ரான்சிஸ் ஆலிஸ்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் 1997ல மெக்ஸிகோ சிட்டி தெருவுல ஒரு பெரிய ஐஸ் கட்டியைத் தள்ளிக்கிட்டே போனாரு, அது கரைஞ்சு தீர ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு, வீடியோ என்னவோ அஞ்சு நிமிஷம்தான். முதல்ல முதுகு வளைச்சு தள்றவரு கடைசியில காலால எத்திட்டுப் போறாரு. விதி ஒண்ணுதான், ஆனா ஐஸ் சின்னதாக ஆக உடம்போட வேலையே மாறிடுது பாருங்க. உங்க விதியிலயும் அந்த மாற்றம் வருமான்னு யோசிச்சிட்டு ஆரம்பிங்க.

கேள்வி: எவ்ளோ காமெடி பண்ணாலும் யாருமே சிரிக்க மாட்டேங்குறாங்க மேடம்.

பதில்: நீங்க முதல்ல சிரிச்சிட்டா பாக்குறவங்களுக்கு வேலை இல்லாம போயிடுது. அமெரிக்க ஆர்ட்டிஸ்ட் மார்த்தா ராஸ்லர் 1975ல பண்ண வீடியோவுல ஏப்ரன் கட்டிக்கிட்டு சமையல் சாமான்களை ஆங்கில எழுத்து வரிசையில எடுத்துக் காட்டுவாங்க, முகம் கொஞ்சங்கூட மாறாது, ஆனா கரண்டியில இல்லாத குழம்பை வெளிய வீசுவாங்க. சிரிப்பு வரும், கூடவே அடுப்படியில மாட்டிக்கிட்ட பொம்பளையோட கோபமும் தெரியும். முகத்தை விடுங்க, செயலைக் கொஞ்சம் கூட்டுங்க.

கேள்வி: போன் கேமரா போதுமா?

பதில்: போதும். புத்தகம் அடுக்கி அதுல சாய்ச்சு வைங்க, ஸ்க்ரீனை அழுத்திப் புடிச்சு ஃபோகஸை லாக் பண்ணிடுங்க இல்லன்னா நீங்க நகரும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும். மியூசிக் போடாதீங்க ப்ளீஸ், பாத்திரச் சத்தம் அவ்ளோ நல்லா இருக்கும்.

கேள்வி: ஒரே டேக்ல எடுக்கணுமா, கட் பண்ணா ஏமாத்துறதா ஆகாதா?

பதில்: உடம்பு களைக்கிறதுதான் விஷயம்னா கட் பண்ணாதீங்க, அந்த நேரம்தான் உங்க படமே. மத்ததுக்குத் தாராளமா வெட்டலாம். ஸ்விஸ் ஆர்ட்டிஸ்ட் ஜோடி ஃபிஷ்லியும் வைஸும் 1987ல டயர், ஏணி, நுரை, நெருப்பு எல்லாம் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடுற மாதிரி அரை மணி நேரப் படம் எடுத்தாங்க, ஒரே ஓட்டமா தெரியும் ஆனா உள்ள கட் ஒளிஞ்சிருக்கு.

கேள்வி: அம்மாவைச் சேத்துக்க ஆசை, கேமராவைப் பாத்தாலே உறைஞ்சு போயிடுறாங்க.

பதில்: உறைஞ்சு நிக்கிறதையே கேளுங்களேன்! ஆஸ்திரிய ஆர்ட்டிஸ்ட் எர்வின் வூர்ம் 1990கள்லருந்து பண்றது இதுதான், வாளி நாற்காலி மாதிரி சாதா பொருளோட ஒரு சின்ன குறிப்பைக் கொடுத்து அந்த போஸ்ல கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுவார். அம்மாவுக்கும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க, "தலையணையை சுவத்துல வச்சு நெத்தியால அழுத்திப் புடிக்கணும், கை படக்கூடாது" அப்படின்னு. தலையணை விழக்கூடாதுன்ற கவலையில கேமராவை மறந்துடுவாங்க. எடுத்ததும் முதல்ல அவங்ககிட்ட காட்டி, வெளிய போடலாமான்னு கேட்டுட்டுப் போடுங்க. அடுத்த சீட்டை அவங்க எழுதட்டும், நீங்க நில்லுங்க.