பெட்டியில் எத்தனை தோட்டா இருக்கலாம்?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா, தம்பலகாமத்தில் நான்கு ஏக்கர் வயல் செய்கிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய பன்னிரண்டு போர் (bore, குழாயின் அளவு) துவக்கைக் கச்சேரிக்கு நடையாய் நடந்து போன வருடம் என் பெயருக்கு மாற்றி எடுத்தேன். உரிமம் ஒழுங்காக இருக்கிறது. போன பெரும்போகத்தில் பன்றிக்கு மொத்தம் ஒன்பது வெடி வைத்திருப்பேன். இப்போது வீட்டில் சண்டை தோட்டாவைப் பற்றி. "2022இல் பெற்றோலுக்கு நின்றதை மறந்துவிட்டாயா? கிடைக்கிற நேரம் வாங்கி அடுக்கு" என்கிறார் பெரியப்பா. மனைவியோ ஒன்றுகூட வீட்டுக்குள் கூடாது என்கிறாள். சாலாவ ஆயுதக் களஞ்சியம் வெடித்ததை டீவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் பயம், வீடே போய்விடும் என்று. இதற்கிடையில் போன கிழமை அப்பாவின் பழைய தகரப் பெட்டிக்கு அடியில் நாற்பத்தொரு தோட்டா கிடந்ததைக் கண்டேன். கடதாசித் தோட்டாவும் கலந்திருக்கிறது. எத்தனை வைத்திருப்பது புத்தி? பழையதை என்ன செய்வது? பதின்மூன்று வயது மகன் வேறு, சுடப் பழக்கச் சொல்லி நச்சரிக்கிறான்.

பெயர் வேண்டாம், தம்பலகாமம்

பதில்:

தம்பி, பெரியப்பாவோடு முதலில் முடித்துவிடுகிறேன். 2022ஐ நானும் மறக்கவில்லை. காஸ், பெற்றோல், பால்மா என்று வரிசையில் நின்றதில் வந்த பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. இன்றைக்கும் என் அலுமாரியில் தேவைக்கு மேல் மூன்று கிலோ பருப்புக் கிடக்கிறது. ஆனால் பருப்பில் வண்டு விழுந்தால் கோழிக்குக் கொட்டலாம், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. தோட்டா அப்படியா? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டும்.

சரி, கணக்கையே பார்ப்போம். ஒரு பெரும்போகத்துக்கு ஒன்பது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு போர் தோட்டா வழக்கமாக 25 கொண்ட பெட்டியாக வரும். அப்படியானால் ஒரு பெட்டி உங்களுக்கு இரண்டு பெரும்போகத்துக்குக் காணும், அதற்கு மேலும் ஏழு மிச்சம். பன்றி தொல்லை இரட்டிப்பானாலும் ஒரு போகத்தைத் தாண்டிவிடலாம். ஆகவே என் பதில் ஒரு பெட்டி. அது எட்டுக்கோ ஒன்பதுக்கோ இறங்கினால் அடுத்ததை வாங்குங்கள். ஐந்து ஐந்தாக வாங்கச் சொல்லமாட்டேன், அதற்காக அலைந்து ஒரு நாள் வேலையைக் கெடுப்பதில் பயனில்லை. பெரியப்பா சொல்வது போல நாலைந்து பெட்டி அடுக்கினால், கடைசிப் பெட்டியைத் திறக்கப் பத்து வருடம் ஆகும். இந்த ஒரு பெட்டியும் உங்கள் உரிமத்திலும் வாங்கும் அனுமதியிலும் எழுதியிருக்கும் எண்ணுக்குள் அடங்க வேண்டும். அங்கே குறைவாக எழுதியிருந்தால் அந்தக் குறைவுதான் பதில், என் ஒரு பெட்டி அல்ல.

உரிமம் என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் துவக்குக்கான கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டுக்குரியது. பிறகு திருத்தங்கள் வந்தன, ஆனால் உரிமம் வருடா வருடம் டிசம்பர் 31உடன் முடியும். நம் பக்கத்தில் அந்த நேரம் எப்படி இருக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த நெல் குடலைக்கு வந்து கொண்டிருக்கும். பன்றி இறங்குகிற நேரமும் அதுதான். மழை, வெள்ளம், வரம்பு உடைப்பு என்று ஓடித்திரிகிறவன் கச்சேரியை மறந்துபோவான். ஜனவரி முதலாம் திகதி காலையில் அதே துவக்கும் அதே தோட்டாவும் உரிமம் இல்லாத பொருளாகிவிடும். ஆதலால் நவம்பரிலேயே கடதாசி வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இனி உங்கள் மனைவி. அவர் பயப்படுகிற காரணம் பிழை, பயம் சரி. காரணத்தை முதலில் சொல்கிறேன். 2016 ஜூன் 5ஆம் திகதி கொஸ்கம சாலாவயில் வெடித்தது இராணுவக் களஞ்சியம். அங்கே இருந்தது பெரிய போர்த்தளபாடம். பெட்டியிலிருக்கும் வேட்டைத் தோட்டா தீப்பட்டால் ஒன்றாகச் சேர்ந்து வெடித்து வீட்டைத் தூக்காது. ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடிக்கும். துவக்குக் குழாய்க்குள் இல்லாததால் உள்ளிருக்கும் சன்னம், அதாவது ஈயக் குண்டுமணிகள், பெரிய வேகம் எடுக்காது. உறை கிழியும், பின்பக்கத்து மூடி பறக்கும், கிட்ட நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து. இரண்டு விஷயம் மட்டும் நிலைமையை மாற்றும். தோட்டா போட்டபடியே வைத்த துவக்கு தீயில் சூடேறினால், ஆள் சுட்டது போலவே சுடும். அடுத்தது, காற்றுப் புகாமல் இறுக்கி மூடிய தடித்த இரும்புப் பெட்டி. உள்ளே அழுத்தம் ஏற இடம் கொடுக்கிறோம். தோட்டாவை அது வந்த மட்டைப் பெட்டியிலேயே விட்டு, பூட்டுள்ள சாதாரண மர அலுமாரியில் வையுங்கள்.

இப்போது பயம். உங்கள் மனைவி இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். விவசாயக் குடும்பங்களில் வெளியாள் வந்து செய்த சாவைவிட, வீட்டுக்குள் ஒரு கெட்ட இரவில் நடந்த சாவுதான் நான் கண்டது அதிகம். கடன், குடி, ஒரு வாய்ச்சண்டை, எட்டும் தூரத்தில் ஒரு கிருமிநாசினிப் போத்தல். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அந்த வருடத்திலும் 1998இலும் பிறகு 2008க்குப் பின்னும் மிகக் கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். எண்ணிக்கை பெரும் பங்கு இறங்கியது. மனிதரின் துயரம் அதே அளவில் குறைந்தது என்று நான் நம்பவில்லை. கைக்கு எட்டிய பொருள் மாறியது, அந்தக் கெட்ட நேரம் கடந்து போக இடம் கிடைத்தது.

துவக்கும் அப்படித்தான். இந்த விஷயத்தில் பெட்டியில் ஒன்று இருந்தாலும் இருபத்தைந்து இருந்தாலும் வித்தியாசம் இல்லை. ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி மனைவியைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள், பூட்டைக் காட்டுங்கள். துவக்கு ஒரு பூட்டில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது. மகனுக்குச் சாவி எங்கே என்று தெரியக் கூடாது. பதின்மூன்று வயதுக்காரன் கண்டுபிடிக்க மாட்டான் என்று நினைத்தால் நீங்கள் உங்கள் பதின்மூன்றாம் வயதை மறந்துவிட்டீர்கள். ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, வாங்கிய திகதி, வெடி வைத்த திகதி, மிச்சம் என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை மனைவியை முன்னால் வைத்து எண்ணுங்கள். குடித்த நாளில், சண்டை பிடித்த நாளில், பன்றி என்ன ஒரு பட்டியே இறங்கினாலும் அந்த அலுமாரியைத் திறக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வந்தால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. தகரக் கூரைக்குக் கீழே பரணில் வேண்டாம், ஆடி ஆவணி வெயிலில் அங்கே கை வைக்க முடியாது, தோட்டா மருந்தையும் அந்தச் சூடு கெடுக்கும். தரையோடும் வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மூதூர்ப் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தோமே. வெளிச்சுவரில் படாத அறையில் இடுப்பு உயரம் சரியாக இருக்கும். மண்ணெண்ணெய், யூரியா, மருந்துப் போத்தல் எதுவும் அதே அலுமாரியில் இருக்கக் கூடாது. புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை எறியாமல் இரண்டை உள்ளே போடுங்கள்.

அந்த நாற்பத்தொன்றுக்கு வருகிறேன். கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான்.

எங்கள் அப்பாவிடமும் ஒரு துவக்கு இருந்தது. எண்பதுகளில் நம் மாவட்டத்தில் துவக்கு வைத்திருந்த வீடு எப்படி இருந்தது என்று பெரியப்பாவையே கேளுங்கள். ஒரு பக்கம் ஒப்படை என்றார்கள், மறுபக்கம் எங்களிடம் தா என்றார்கள். எங்களுடையது ஒரு இரவில் போனது. கொண்டுபோனவர்கள் தோட்டாவைக் கேட்க மறந்துவிட்டார்கள். துவக்கில்லாத வீட்டில் ஒரு சாக்குத் தோட்டா. அம்மா மூன்று நாள் அதை நெல் மூட்டைக்கு நடுவில் வைத்திருந்து, நாலாம் நாள் இரவு கிணற்றுக்குள் போட்டார். பிறகு இடம்பெயர்ந்தோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து கிணறு இறைத்தபோது, வாளியில் சேற்றோடு சேர்ந்து அவை மேலே வந்தன. இறைக்க வந்த இரண்டு பெடியன்களும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்கு நாங்கள் கொடுத்த விளக்கம், எழுதிய வாக்குமூலம், அலைந்த அலைச்சல் எல்லாம் அம்மா செத்தும் தீராத கதை. கிணறு, குளம், குப்பைத் தீ, மண்வெட்டி, இந்த நான்கையும் மறந்துவிடுங்கள்.

ஆக முறையான வழி ஒன்றுதான். முதல் தரம் தோட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வழியில் சோதித்தால் பதில் சொல்லக் கஷ்டம். உரிமத்தோடும் அப்பாவின் மரணச் சான்றிதழோடும் பொலிஸுக்குப் போய், பெட்டியில் கண்டதை என்ட்ரி போட்டு, அந்த இலக்கத்தை வாங்குங்கள். எப்படி ஒப்படைப்பது, அவர்கள் வருவார்களா நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. தயக்கமாக இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் முதலில் பேசுங்கள். தள்ளிப் போடுவதுதான் பிழை. இன்றைக்கு நீங்கள் "கண்டெடுத்தவர்", ஆறு மாதம் போனால் "வைத்திருந்தவர்".

அதில் நல்லதைப் பொறுக்கி எடுக்கலாமா என்று ஒரு எண்ணம் உங்களுக்கு ஓடியிருக்கும். வேண்டாம். கடதாசி உறை ஈரம் குடித்து ஊதும், துவக்கில் தோட்டா போடும் அறைக்குள் இறுகும். பித்தளையில் பச்சைக் களிம்பு படிந்தால் உள்ளே என்ன நிலை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. விசையை இழுத்தும் வெடிக்காமல், சில கணம் பிந்தி வெடிக்கிற தோட்டாவும் உண்டு. புதுத் தோட்டாவே என்றாலும் சரி, வெடிக்காவிட்டால் உடனே துவக்கைத் திறக்கக் கூடாது. வாயை ஆளில்லாத பக்கம் நிலத்துக்குக் காட்டியபடி அரை நிமிடமாவது பொறுங்கள்.

இன்னொரு ஆபத்து, கலந்து கிடப்பது. போர் எண் கூடக் கூடக் குழாய் ஒடுங்கும், ஆகவே இருபது போர் தோட்டா பன்னிரண்டு போரைவிட ஒல்லி. தவறிப் போட்டால் அது குழாய்க்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கி நிற்கும். பார்க்கிறவனுக்கு அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் பிளந்து கை போகும். அதனால்தான் இருபது போருக்கு மஞ்சள் உறை. அதோடு அப்பாவின் துவக்கு பழையது என்றால், தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீற்றரா 70ஆ என்று தெரிந்த ஒருவரிடம் அளந்து கேளுங்கள். 65க்கு வெட்டிய அறைக்குள் 70 தோட்டா போகத்தான் செய்யும். வெடித்தபின் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். புதுப் பெட்டி வாங்க முன் இதைச் செய்யுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

யானையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் பக்கம் வராத யானையா? அதற்கென்று ஒரு தோட்டாவும் கணக்கில் சேர்க்காதீர்கள். சன்னம் யானையை உடனே கொல்லாது, தோலுக்குள் இருந்து சீழ் பிடித்து மாதக்கணக்கில் வதைக்கும். சட்டமும் விடாது, காயப்பட்ட யானையும் அடுத்த வீட்டுக்காரனை விடாது. வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி, சத்தத்தால் விரட்டுகிற பட்டாசு, அதற்குத்தான். அதையும் தோட்டாவோடு சேர்த்து வைக்க வேண்டாம். நனைந்து காய்ந்த யானை வெடிக்கு நான் தோட்டாவைவிட அதிகம் பயப்படுவேன். கையில் வெடித்து விரல் இழந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

மகனுக்கு இப்போது பழக்க வேண்டாம். உரிமம் உங்கள் பெயரில், துவக்கு உங்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். அவன் நச்சரிப்பதற்கு, அந்தக் கொப்பியில் மிச்சத்தைக் கூட்டிக் கழித்து எழுதுகிற வேலையை வேண்டுமானால் கொடுங்கள். அலுமாரியைப் பூட்டிய பிறகு.