முளைத்த லித்தொப்ஸ் ஏன் கரைந்து போகிறது? யாழ்ப்பாண வீட்டில் பாலைவனச் செடிகளை விதையிலிருந்து வளர்ப்பது

கேள்வி: கனடாவிலிருந்து ஆவணியில் வந்த என் தங்கை நாலு விதைப் பொட்டலங்கள் தந்தாள். லித்தொப்ஸ், அஸ்ட்ரோபைற்றம் அஸ்டீரியாஸ், யூபோபியா ஒபேசா, அரேபிய அடீனியம். லித்தொப்ஸ் விதையில் பாதியைச் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்த சாடியில் உடனேயே போட்டேன். ஒரு கிழமையில் பச்சைப் புள்ளிகளாக முளைத்தன. அடுத்த இரண்டு கிழமைக்குள் ஒன்றும் மிஞ்சாமல் கரைந்துவிட்டன. எங்கள் வெயிலுக்குப் பாலைவனச் செடிகள்தானே நன்றாக வர வேண்டும்? மிச்ச விதைகளை என்ன செய்வது? இன்னும் எடுப்பிக்கலாமா? (ஒரு வாசகி, கோண்டாவில்)

பதில்: உங்கள் நாற்றுகள் வெயிலால் சாகவில்லை. ஆவணி மாதத்து இரவுச் சூடும், எருவில் தங்கிய ஈரமும் சேர்ந்து அவற்றை அழுக வைத்தன. கை வைத்த நேரம் பிழை, மண் பிழை, முதலில் எடுத்த விதையும் பிழை. மூன்றையும் மாற்றலாம். மிச்ச விதைகள் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன, ஆகவே கவலைப்பட வேண்டாம்.

முதலில் வெயில் பற்றிய எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். எங்கள் வேலிகளில் சதுரக்கள்ளி நிற்கும் நிற்பைப் பார்த்தால், கள்ளி வகை எதுவும் இங்கே வரும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் செடிகளில் பெரும்பாலானவை மூச்சு விடுவது இரவில். மாமரமும் முருங்கையும் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. பாலைவனச் செடி பகலில் திறந்தால் உள்ள தண்ணீர் முழுக்கப் போய்விடும். அதனால் இரவு குளிர்ந்த பிறகு திறந்து, எடுத்த காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சீனியாக்குகிறது. பகல் கொதித்து இரவு சட்டென்று குளிரும் ஊர்களுக்காக அமைந்த ஏற்பாடு இது. எங்கள் கோடையில் இரவிலும் 26, 27 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்காது, காற்றிலும் கடலின் ஈரம். சில செடிகள் இதைத் தாங்கும். சில தாங்காது. எது தாங்கும் என்பது அந்தச் செடியின் சொந்த ஊரில் மழை எப்போது பெய்கிறது, இரவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதை வாங்கும்போது படத்தைப் பார்க்க முன்னம் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் நாலு பொட்டலங்களையும் அப்படிப் பார்ப்போம். அரேபிய அடீனியம் யேமன், சவூதிப் பக்கத்துச் செடி. சூடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். அஸ்ட்ரோபைற்றம் அஸ்டீரியாஸ், முள்ளே இல்லாத, வெள்ளைப் புள்ளிகள் பதிந்த வட்டக் கள்ளி. மெக்சிக்கோவின் தமௌலிப்பாஸ் மாநிலத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியிலும் தாழ்ந்த நிலத்தில் வளர்வது. அங்கே கோடை இரவும் வெம்மையானது, அதனால் எங்கள் இரவு அதற்குப் புதிதில்லை. யூபோபியா ஒபேசா தென்னாபிரிக்காவின் பெரிய கரூவைச் சேர்ந்தது. 1903இல் ஹூக்கர் பெயரிட்ட பிறகு ஆட்கள் தோண்டித் தோண்டி எடுத்ததில் காட்டில் அருகிப்போன செடி. அது குளிர் இரவுகளை விரும்பினாலும் சூட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தாய்லாந்துக்காரர்கள் எங்களைப் போன்ற சூட்டிலும் ஈரத்திலும் இந்த மூன்றையும் அருமையாக வளர்க்கிறார்கள். நாங்களும் வளர்க்கலாம்.

லித்தொப்ஸ் வேறு மாதிரி. நமீபியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கூழாங்கற்களுக்கு நடுவே கல்லைப் போலவே கிடக்கும் செடி. மிதமான பகலும் குளிர்ந்த இரவும் உள்ள மாதங்களில் வளர்ந்து, கடும் சூட்டில் உறங்கும். வளர்ந்த செடிக்கு உறங்கத் தெரியும், முளைத்து இரண்டு கிழமையான நாற்றுக்குத் தெரியாது. லித்தொப்ஸின் உறவுச் செடியான கொனோபைற்றம் இன்னும் கடினம், அது குளிர்கால மழையில் வளர்வது. யாழ்ப்பாணத்தில் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

ஆகவே மிச்ச லித்தொப்ஸ் விதையை இப்போது தொட வேண்டாம். பொட்டலத்தைக் கடதாசி உறையில் இட்டு, இறுக மூடும் போத்தலுக்குள் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். லித்தொப்ஸ் விதை பல வருடங்கள் உயிரோடிருக்கும். மார்கழிக் கடைசியில், வாடைக்காற்றோடு இரவு 22, 23 பாகைக்கு இறங்கும்போது விதையுங்கள். அதற்கு இங்கே கிடைக்கும் நல்ல காலம் அந்தச் சில கிழமைகள்தான். அஸ்ட்ரோபைற்றம் அப்படிக் காத்திருக்காது. வருடம் ஒன்றிரண்டு போனால் முளைப்பு விழுந்துவிடும். அடீனியம் விதைக்கு அதைவிட அவசரம், சில மாதங்களிலேயே வீரியம் குறையும். இந்த இரண்டையும் யூபோபியாவையும் மாரி மழை ஓய்ந்த கையோடு, தை மாசியில் விதைத்தால், அடுத்த மாரி வருமுன் வேரூன்றிப் பலத்துவிடும்.

விதைக்குமுன் பொட்டலத்தை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். லித்தொப்ஸ் விதை குரக்கன் மாவில் கிடக்கும் தவிட்டைப் போல மண்ணிறமாக, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கும். அஸ்ட்ரோபைற்றம் விதை பளபளவென்று கருமண்ணிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கம் ஆழமாகக் குழிந்திருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதப்பது பதரென்று எறிந்துவிடாதீர்கள். யூபோபியா விதை சாம்பல் நிற உருண்டை. அடீனியம் ஒரு சென்ரிமீற்றர் நீளக் குச்சி, இரண்டு நுனியிலும் பழுப்புப் பஞ்சுக் குஞ்சம். இணையத்தில் 'நீல லித்தொப்ஸ்', 'வானவில் லித்தொப்ஸ்' என்று விற்பவை வெறும் ஏமாற்று. அப்படி நிறமுள்ள லித்தொப்ஸ் உலகத்தில் இல்லை. உள்ளே ஏதோ கீரை விதை இருக்கும்.

இனி மண். இதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பொன்னான மண். ஆனால் சிறு சாடியில் திரும்பத் திரும்ப நனைத்தால் அதன் நுண்துகள்கள் படிந்து இறுகிவிடும், வேருக்குக் காற்றுப் போகாது. பாலைவனச் செடி என்றதும் வடமராட்சியின் மணற்காட்டு மணலை நினைப்பவர்களும் உண்டு. அது மிக நுண்ணிய மணல், உப்பும் சேர்ந்தது. ஈரமானால் இறுகி நிற்கும். வேண்டியது கடுகு முதல் மிளகு அளவான கரடுமுரடான துணிக்கை. பழைய செங்கல்லையோ உடைந்த கூரை ஓட்டையோ சாக்கில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்குங்கள். பிறகு மா அரிக்கும் அரிதட்டில் அரியுங்கள். கீழே விழும் தூள் வேண்டாம், தட்டில் தங்குவதுதான் வேண்டும். அதில் இரண்டு பங்கு, கழுவிய பருக்கை ஆற்றுமணல் ஒரு பங்கு, உமிக்கரியோ தும்புத்தூளோ ஒரு பங்கு. தும்புத்தூள் என்றால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை நீக்க வேண்டும். மாட்டெரு, கொம்போஸ்ற் எதுவும் கூடாது. விதைக்குள் இருக்கும் உணவே முதல் சில கிழமைக்குப் போதும். எரு கொண்டுவருவது பங்கசைத்தான்.

கலவையை நனைத்து, பழைய நீற்றுப்பெட்டியில் புட்டு அவிப்பது மாதிரியே அரை மணித்தியாலம் ஆவியில் அவியுங்கள். ஆறியதும் சுத்தமான ஐஸ்கிறீம் டப்பாவில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிரப்புங்கள். டப்பாவின் அடியில் சூடான கம்பியால் ஏழெட்டுத் துளை போட மறக்க வேண்டாம். மேலே அரை சென்ரிமீற்றருக்கு வெறும் செங்கல் துணிக்கை. அதன்மேல் லித்தொப்ஸ் விதையைத் தூவிவிட்டு மூடாமல் விடுங்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். அஸ்ட்ரோபைற்றத்தையும் அப்படியே மேலே வைத்து மெல்ல அழுத்தினால் போதும். அடீனியத்தைப் படுக்கையாக வைத்து விதை மறையும் அளவுக்கு மட்டும் மூடுங்கள். யூபோபியாவுக்கும் அதே அளவு போதும்.

மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். டப்பாவைத் தாம்பாளத்துத் தண்ணீரில் வைத்து, மேற்பரப்பு இருண்டு ஈரமாகியதும் எடுத்து வடியவிடுங்கள். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் இறங்கியவை. கேத்தில் அடியில் படியும் அந்த வெள்ளைதான் நாற்றுச் சாடியின் மேலும் படிந்து, சின்ன வேரைத் திணற வைக்கிறது. மாரியில் பீலித் தண்ணீரைப் போத்தல்களில் பிடித்து வையுங்கள், முதல் மழையை விட்டுவிட்டு. அது முடிந்தால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்ததை மேலால் வடித்துப் பாவியுங்கள். தீவுப் பகுதிகளில் உள்ளது போன்ற சவர்த் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்தும் பயனில்லை, உப்புப் போகாது. மழைத் தண்ணீர் ஒன்றே வழி.

விதைத்த டப்பாவை மெல்லிய பொலித்தீனால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூடிய டப்பா எங்கள் வெயிலில் அரை மணித்தியாலம் இருந்தாலே உள்ளே அவிந்துவிடும். அடீனியமும் அஸ்ட்ரோபைற்றமும் புது விதையென்றால் ஒரு கிழமைக்குள் முளைக்கும், லித்தொப்ஸ் ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். அடீனியம் முளைத்ததும் மூடியை எடுத்துவிடலாம். அஸ்ட்ரோபைற்றத்துக்குப் பொலித்தீனை ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்தால்தான் நன்றாகப் பெருக்கும். லித்தொப்ஸுக்கு முளைத்த மூன்றாம் நாளிலிருந்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, இரண்டு கிழமையில் முழுதாக எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு சின்ன மின்விசிறியைத் தூர வைத்து மெல்லிய காற்று வரச் செய்தால் அதற்கு மிகவும் நல்லது. காற்றசையாத வெம்மையான இரவுதான் அதன் எதிரி.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு விடயம். யாழ்ப்பாணத்தில் சூரியன் சித்திரை நடுப்பகுதியில் உச்சிக்கு வந்து, ஆவணி வரை வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் தையில் தெற்கு விறாந்தையில் வெயில் வாங்கிய சாடி வைகாசியில் நிழலில் கிடக்கும், வடக்கு விறாந்தையில் வெயில் சுடும். கிழக்குப் பார்த்த இடம் இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை. வருடம் முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். நாற்று ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதாது. சிவந்து, வெந்த மண்ணிறமானால் கூடிவிட்டது, நிழல் வலை ஒன்றைக் கட்டுங்கள்.

அழுகல் வந்தால் எப்படித் தெரியும்? காலையில் பாருங்கள். நல்ல நாற்று உறுதியாக, மங்கிய பச்சையில் நிற்கும். அழுகத் தொடங்கியது கண்ணாடி போல ஊடுதெரிந்து, மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக ஒடுங்கி, சாயும். அதையும் அதைச் சுற்றிய விரலளவு மண்ணையும் கரண்டியால் உடனே அள்ளி எறியுங்கள். மிச்சத்தைத் திறந்து காயவிட்டு, நாற்றுமேடைக்குப் பாவிக்கும் பங்கசு நாசினியை உறையில் சொன்ன அளவில் தெளியுங்கள். கறுவாத்தூள் தூவுவதாகப் பலர் சொல்வார்கள். தொடக்கத்தில் கொஞ்சம் தடுக்கும், பரவிய பிறகு கைகொடுக்காது. எறும்பும் விதையைக் காவிக்கொண்டு போகும், ஆகவே டப்பாவை ஒரு கல்லில் வைத்து, கல்லைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மாரியில் நத்தை ஓர் இரவிலேயே முழு டப்பாவையும் முடித்துவிடும். மாரி முழுக்கச் சாடிகள் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

இவை ஆறுதலாக வளரும் செடிகள். அஸ்ட்ரோபைற்றம் ஒரு வருடத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வந்தால் அதுவே நல்ல வளர்ச்சி. அடீனியம் ஒன்றரை, இரண்டு வருடத்தில் பூக்கலாம், விதையிலிருந்து வந்ததென்றால் அடித்தண்டும் அழகாகப் பருத்து வரும். தடி நட்டு வளர்த்ததில் அந்த வடிவு வராது. அது அலரிக் குடும்பம், பால் நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வையுங்கள். யூபோபியாவின் பாலும் கண்ணில் படக்கூடாது. யூபோபியா ஒபேசாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நாலைந்தையாவது ஒன்றாக வளர்த்தால்தான் ஒருநாள் உங்கள் வீட்டிலேயே விதை எடுக்கலாம். காய் வெடித்து விதை தூரத் தெறிக்கும், பழுக்க முன்னம் நுளம்பு வலைத் துண்டால் கட்டிவிடுங்கள். அடீனியக் காய்க்கும் அதேதான், சோளகம் வீசும் காலத்தில் வெடித்தால் பஞ்சோடு விதை முழுக்கப் பறந்துவிடும். வீட்டில் டிராகன் பழக்கொடி இருந்தால், பின்னாளில் ஓர் அஸ்ட்ரோபைற்றம் நாற்றை அதன்மேல் ஒட்டிப் பார்க்கலாம். பல மடங்கு வேகமாக வளரும்.

கடைசியாக, இன்னும் எடுப்பிக்கலாமா என்று கேட்டீர்கள். எடுப்பிக்கலாம், ஆனால் பயணப் பையில் சும்மா போட்டு வரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விதைகளுக்கும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுநீக்கச் சேவையில் விசாரியுங்கள். அஸ்ட்ரோபைற்றம் அஸ்டீரியாஸ், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, இலங்கையும் 1979இலிருந்து அதில் அங்கம். அந்தக் கள்ளியின் விதைக்கும் சைட்டிஸ் அனுமதி ஆவணம் தேவைப்படும். தென்னாபிரிக்காவில் கொனோபைற்றங்களைக் காட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்கிக் கடத்துகிறார்கள், சில இனங்கள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே வளர்ந்த செடியை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். நாற்றுமேடையில் வளர்த்த தாய்ச்செடியின் விதை என்றும், எடுத்த வருடம் எது என்றும் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள்.