இறக்கத்தில் ரேஞ்ச் கூடுவது கோளாறா?

கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது ரேஞ்ச் (மீதிப் பெட்ரோலில் வண்டி இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று மீட்டர் காட்டும் எண்) 210 கி.மீ.யிலிருந்து 290-க்கு ஏறிவிட்டது, மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துத்தான் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் செலவைக் கணக்கிடுகிறது. கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜெக்டர் பெரும்பாலும் மூடியே கிடக்கும். செலவில்லாமல் கிலோமீட்டர் மட்டும் ஓடும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அந்த அண்மைச் சராசரியை டேங்கில் மிதவை காட்டும் மீதியோடு பெருக்கினால் எண் எகிறத்தானே செய்யும்? வத்தலக்குண்டு தாண்டிச் சமவெளியில் ஓடினால் தானாக இறங்கிவிடும். அதுவரை 290-ஐ நம்பி பங்க்கைத் தாண்டிப் போகாதீர்கள்.

உண்மையான மைலேஜுக்கு டேங்க் டு டேங்க்தான் சரி: ஒரே பங்க்கில் ஆட்டோ கட் (பம்ப் தானாக நிற்பது) வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். அப்புறம், நியூட்ரலில் மட்டும் இறக்காதீர்கள். ஐடிலிங்கில் பெட்ரோலும் போகும், பிரேக்கும் சூடாகும்.