தாத்தாவின் ஃபேவர் லூபா: அசலா என்று அறிவது எப்படி?

கோத்தகிரி வீட்டு பீரோவில் தாத்தாவின் ஃபேவர் லூபா கைக்கடிகாரம் கிடைத்ததாகவும், அது அசல்தானா, என்ன மதிப்புப் பெறும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அதற்குச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீடுகளில் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பும் பூஞ்சை பிடித்துவிடும். அந்த ஈரம் பெரும்பாலும் சாவித் திருகின் தண்டு வழியாகத்தான் கடிகாரத்துக்குள் இறங்குகிறது. துருவும் அங்கேயே தொடங்குகிறது. காய்ந்துபோன எண்ணெயில் துருத்தூள் கலந்திருக்கும்போது ஓடவிட்டால், சக்கர அச்சுகளின் முனைகள் தேய்ந்துவிடும்.

அரவங்காட்டு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் தாத்தாவின் ஃபேவர் லூபா என்னிடம் வந்தபோது, டயல் புதிதுபோல் பளிச்சென்று இருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். குன்னூரில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மறுபடி பெயின்ட் அடிச்ச டயல்" என்றார். நிமிடக் கோடுகள் உலோக மணிக்குறிகளுக்கு நேராக நிற்கவில்லை. எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தது. ஆறுமணிக்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' என்ற வரியே இல்லை. பின்மூடியைத் திறந்ததும் வேறு கதை தெரிந்தது. இயந்திரப் பாலத்தில் (சக்கரங்களை மேலிருந்து தாங்கும் தகட்டில்) நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மூடியின் உட்புறத்தில், சர்வீஸ் செய்தவர்கள் ஊசிமுனையால் கீறிவைத்த தேதிகள் நான்கு இருந்தன. தாத்தா அதை எவ்வளவு கருத்தாகப் பேணியிருக்கிறார் என்பதை அந்தக் கீறல்களில்தான் அறிந்தேன்.

1737-இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்லில் தொடங்கிய இந்தப் பெயருக்கு நம் நாட்டில் நெடுங்காலம் பெருமதிப்பு இருந்ததால், டயலில் மட்டும் அந்தப் பெயரைத் தாங்கிய கடிகாரங்களும் சந்தையில் உண்டு. ஆகவே டயலை மட்டும் நம்பாமல் இயந்திரத்தையும் பாருங்கள். அக்காலச் சுவிஸ் இயந்திரங்கள் பலவற்றில், பேலன்ஸ் சக்கரத்தின் (இருபுறமும் மாறிமாறி ஊசலாடும் சக்கரத்தின்) அடியில் உள்ள தகட்டில் கேலிபர் எண், அதாவது இயந்திர வகையைக் குறிக்கும் எண், இருக்கும். அதை வைத்து இயந்திரத்தின் மாடலையும் ஏறக்குறைய எந்தக் காலத்தது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்றிருந்தால், மூடி மட்டுமே எஃகு என்றும், கேஸ் (கடிகாரத்தின் வெளிக்கூடு) பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை என்றும் பொருள்.

முள்ளிலும் எண்ணிலும் பழுப்பேறிய ஒளிப்பூச்சு இருந்தால் சுரண்டாதீர்கள். 1960-களுக்கு முந்தையதாயின் அது கதிரியக்கம் கொண்ட ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிர்வது நின்ற பின்னும் அதன் கதிர்வீச்சு நிற்பதில்லை.

மதிப்பைப் பொறுத்தவரை, கறை படிந்த அசல் டயலுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலையை மறுவர்ணம் பூசிய டயலுக்குத் தருவதில்லை. என் கடிகாரத்தின் விலை அப்படித்தான் குறைந்தது. ஆனாலும் சர்வீஸ் செய்து தினமும் கட்டிக்கொள்கிறேன். உங்களுடையதைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, கேஸைப் பாலிஷ் செய்யவோ டயலைத் தொடவோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றும் பழைய பாகங்களையும் ஒரு சிறு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.